கடலுக்கு ஒரு பதிவேடு

பங்கு ஆலயங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவற்றின் அருமையை அறிவார்கள். செல்லரித்த ஓரங்கள், மங்கிய மை, பழகாத கையெழுத்து. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், ஞானப்பெற்றோரின் பெயர், நாள் ஆகியவற்றைத் தவிர அவற்றில் வேறொன்றும் பெரிதாக இராது. எனினும் ஓர் ஊரில் யார் யார் வாழ்ந்தனர், எங்கிருந்து வந்தனர், எந்த ஆண்டில் கொள்ளைநோய் வந்து அடக்கப் பதிவுகள் பக்கம் பக்கமாக நீண்டன என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்தே எடுத்துச் சொல்கின்றனர். பதிவேட்டை எழுதிய குருவானவர் தாம் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவைத்தார். அதனாலேயே பின்வந்தோர் வரலாறு எழுத முடிந்தது.

இராயபுரம் என்ற பெயரே இராயப்பரை, மீனவராயிருந்த புனித பேதுருவை, நினைவூட்டுவது. படகோட்டிகளின் உழைப்பால் எழுந்த அவருடைய ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என வடக்கே நீளும் இக்கரையில் மனிதருக்குப் பதிவேடு உண்டு; வந்துபோகும் கப்பலுக்குப் பதிவேடு உண்டு; இறங்கும் நிலக்கரிக்கும் உண்டு. கடலுக்கு உண்டா? அதில் வாழும் உயிர்களுள் எண்ணிக்கையில் மிகப் பெரும்பாலானவை நம் கண்ணுக்கே புலப்படாதவை. அவற்றை யாரேனும் எழுதிவைத்திருக்கின்றனரா? 2017ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்து நின்றது.

அவ்வாண்டு ஜனவரி 28 அன்று விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குச் சேதம் ஏதுமில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. ஆனால் அடுத்த சில நாள்களில் கரிய குழம்பு கரையை நோக்கி வந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் பாறைக் கற்களின் இடுக்கெல்லாம் அது தடித்துத் தேங்கியது. தெற்கே மெரினா வரையிலும் அதன் படலம் சென்றது. எந்திரங்களால் உறிஞ்ச முடியாத அக்குழம்பை மீனவரும் மாணவரும் தொண்டர்களும் வாளிகளில் அள்ளினர். கடலாமைகள் இறந்து ஒதுங்கின. மீன் வாங்குவோர் தயங்கினர். முதலில் சொல்லப்பட்டதைவிடப் பன்மடங்காக, ஏறத்தாழ 200 டன்னும் அதற்கு மேலும் எண்ணெய் கசிந்திருக்கும் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

அந்நாள்களில் கரையில் நின்ற நம் எல்லாருடைய உள்ளத்திலும் ஒரே கேள்விதான் இருந்தது: கடல் தானாக ஆறிவிடுமா? 'கடல் பெரியது, எல்லாவற்றையும் விழுங்கிவிடும்' என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அறிய, கடலின் கண்ணுக்குத் தெரியாத குடிகளை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில், அதாவது ஒரு சிறு மருந்துக் கரண்டியின் ஐந்தில் ஒரு பங்கு நீரில், பல லட்சம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வைரஸ்களோ அவற்றைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. இவை அனைத்தும் நோய்க்கிருமிகள் என்று அஞ்ச வேண்டியதில்லை. மிகப் பெரும்பாலானவை நமக்கு எத்தீங்கும் செய்வதில்லை. மாறாக, உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில், பெரும்பாலும் ஒற்றை உயிரணுவே உடலாகக் கொண்ட உயிர்களால் நடைபெறுகிறது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அவற்றின் உழைப்பு கலந்திருக்கிறது. சிற்றுயிரை இறால் குஞ்சு உண்ண, அதை மீன் உண்ண, அந்த மீன் காசிமேட்டில் ஏலத்துக்கு வருகிறது. மீனவரின் வலைக்கு முதல் முதலீடு செய்பவை இந்த நுண்ணுயிர்களே எனலாம்.

ஆயினும் நெடுங்காலம் இவற்றை நாம் அறியாதிருந்தோம். நுண்ணுயிரை ஆராய்வோர் அதைக் கண்ணாடித் தட்டில், அகர் பசையின்மேல், உணவிட்டு வளர்த்துப் பார்ப்பதே வழக்கம். கடல்நீரை அவ்வாறு வளர்த்தபோது ஒரு விந்தை புலப்பட்டது. நுண்ணோக்கியில் நூறு உயிர்கள் தெரிந்தால், தட்டில் ஒன்று வளர்வதே அரிது. மற்றவை உயிரோடிருந்தும் வளர மறுத்தன. நாம் இட்ட விருந்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஊரின் மக்கள்தொகை இவ்வளவே என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாயிருந்தது அக்கால அறிவு.

கதவைத் திறந்தவர் அமெரிக்க அறிஞர் கார்ல் ஊஸ். ஒவ்வோர் உயிரணுவிலும் புரதம் செய்யும் 'ரைபோசோம்' என்ற பட்டறை ஒன்று உண்டு. அப்பட்டறையின் ஓர் உறுப்பான ஆர்.என்.ஏ. எல்லா உயிர்களிலும் இருக்கிறது. ஆனால் இனத்துக்கு இனம் சிறிது சிறிது வேறுபடுகிறது. குடும்பப் பெயரைப் போன்ற அவ்வேறுபாட்டை ஒப்பிட்டு, 'ஆர்க்கியா' என்ற தனியொரு பேரினமே உலகில் உண்டு என்று 1977இல் அவர் காட்டினார். அதே ஆண்டில் பிரெட்ரிக் சேங்கர் டி.என்.ஏ.யின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் உயிர். அந்நூலைப் படிக்க நமக்கு அப்போதுதான் எழுத்தறிவு கிடைத்தது.

நார்மன் பேஸ் என்பாரும் அவருடைய உடனுழைப்பாளரும் 1980களில் ஒரு துணிவான எண்ணத்தை முன்வைத்தனர். உயிரை ஏன் வளர்க்க வேண்டும்? நீரிலிருந்து அதன் டி.என்.ஏ.யை மட்டும் பிரித்தெடுத்துப் பெயரைப் படித்துவிடலாமே! இம்முறையில் ஸ்டீவன் ஜியோவன்னோனியும் பிறரும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்நீரைப் படித்து, அதுவரை எவரும் அறியாத பாக்டீரியக் குடும்பம் ஒன்றை 1990இல் அறிவித்தனர். 'சார்-11' எனப்பட்ட அக்குடும்பமே உலகக் கடல்களில் மிகுதியாக வாழும் உயிர்களுள் ஒன்று என்று பின்னர் தெரிந்தது. அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க 2002 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 13 லட்சம் எழுத்துகளே கொண்ட அதன் மரபணுத்தொகுதி 2005இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. உலகின் பெருங்குடி ஒன்று நம் காலம் வரை பெயரின்றியே வாழ்ந்திருக்கிறது!

2004இல் கிரெய்க் வென்டர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். சர்காசோ கடல்நீரைப் பல நூறு லிட்டர் எடுத்து, மிக நுண்ணிய வடிகட்டிகளின் வழியே செலுத்தி, வடிகட்டியில் தங்கிய உயிர்கள் அனைத்தின் டி.என்.ஏ.யையும் ஒருசேரப் பிரித்து, துண்டு துண்டாக வாசித்தனர். பல பங்குகளின் பதிவேடுகளைக் கிழித்து ஒரே மூட்டையில் கலந்துவிட்டால், ஒரு தாளின் கடைசி வரி மற்றொரு தாளின் முதல் வரியோடு பொருந்துவதைக் கண்டு அவற்றை மீண்டும் அடுக்க முயல்வோமல்லவா? கணிப்பொறி செய்வதும் அதுவே. அவ்வாறு அடுக்கியபோது குறைந்தது 1,800 இனங்களும், அதுவரை அறியப்படாத 12 லட்சம் மரபணுக்களும் தென்பட்டன. வாழிடம் ஒன்றின் உயிர்கள் அனைத்தின் மரபணுக்களையும் ஒன்றாகப் படிக்கும் இம்முறைக்கு 'மெட்டாஜீனோமிக்ஸ்' என்று பெயர். கூட்டு மரபணு வாசிப்பு என்று நாம் சொல்லலாம்.

பின்னர் 2009 முதல் 2013 வரை 'தாரா' என்ற பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றியது. 2010இல் அது அரபிக் கடலிலும் மாலத்தீவை அடுத்த நீர்ப்பரப்பிலும் மாதிரிகள் எடுத்தது. 68 இடங்களிலிருந்து எடுத்த 243 மாதிரிகளை வாசித்து, ஏறத்தாழ 4 கோடி மரபணுக்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை 2015இல் அறிஞர்கள் வெளியிட்டனர். மனித உடலின் மரபணுக்கள் 20,000 அளவே என்பதை எண்ணினால் இப்பட்டியலின் விரிவு விளங்கும்.

138க்குப் பின் 139

இவையெல்லாம் தொலைதூரக் கடல்களின் செய்திகள், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். கடல் நுண்ணுயிரின் வரலாற்றில் நம் நகரின் பெயர் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் துயரத்தின் மையால்.

தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை வடசென்னை மக்களுக்கு நன்கு பழகிய பெயர். காலரா பரவிய காலங்களில் நோயாளிகள் கொண்டுசெல்லப்பட்டது அங்கேதான். காலராவை மனித வயிற்றில் மட்டும் வாழும் கிருமி என்றே உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அக்கிருமியைப் பிரித்தறிந்தார். 1959இல் சம்புநாத் தே என்ற வங்காள அறிஞர் அதே நகரில் அதன் நச்சை இனங்காட்டினார். ஆனால் அக்கிருமியின் சொந்த வீடு கழிமுகமும் கடலோர நீருமே என்பதை ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க அம்மையாரின் பல்லாண்டு ஆய்வுகளே நிலைநாட்டின. 'கோப்பிபாட்' எனப்படும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்ச் சிற்றுயிர்களின் உடலில் ஒட்டிக்கொண்டு அது வாழ்கிறது. வங்கதேசத்தின் மத்லாப் பகுதிச் சிற்றூர்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் செய்தபோது, காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003இல் அவர் குழுவினர் அறிவித்தனர். கிருமி துணியில் நிற்காது. அது ஏறியிருக்கும் சிற்றுயிர் நின்றுவிடும். அறிவியலின் பயன் எப்போதும் விலையுயர்ந்த கருவியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலரா போன்ற நோய் வேகமாகப் பரவியது. நோயின் குறிகள் அனைத்தும் காலராவுக்குரியவை. ஆனால் பிரித்தெடுத்த கிருமி, காலராவைக் காட்டிக்கொடுக்கும் வழக்கமான சோதனைக்கு உடன்படவில்லை. கல்கத்தாவிலிருந்த தேசியக் காலரா, குடல்நோய் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்களும் ஜப்பானிய அறிஞர்களும் அதை ஆராய்ந்தனர். காலராக் கிருமியின் மேலுறையைக் கொண்டு அதுவரை 138 வகைகள் வரிசையெண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டிருந்தன. புதிய கிருமி அவற்றுள் எதனோடும் ஒத்துப்போகவில்லை. எனவே 1993இல் அதற்கு 139 என்ற எண்ணைக் கொடுத்து, வங்கக் கடலோரத்தில் முதலில் தோன்றியதால் 'ஓ-139 பெங்கால்' என்று பெயரிட்டனர். அதற்குள் அது வங்கதேசத்தையும் எட்டியிருந்தது. பழைய காலராவுக்கு எதிராக உடலில் வலிமை பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கிருமி புதியது என்பதை அறிஞர்கள் எவ்வாறு அறிந்தனர்? முன்னிருந்த 138 வகைகளும் பதிவேட்டில் இருந்தன, அதனால் அறிந்தனர். பதிவேடு இல்லையேல் 139ஆவது வகை கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்திருக்கும். பழையதை எழுதிவைத்தவர்க்கே புதியது புலப்படும்.

மரபணு வாசிப்பு பின்னர் இவ்வரலாற்றை மேலும் தெளிவாக்கியது. 2000இல் காலராக் கிருமியின் மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள், முழுமையாக வாசிக்கப்பட்டது. பழைய கிருமி ஒன்று தன் மேலுறைக்குரிய மரபணுத் துண்டை மாற்றிக்கொண்டதே 139 என்பது தெரியவந்தது; உடையை மாற்றி வந்தவனைக் காவலர் அடையாளம் காணாததுபோல நம் உடல் அதை அடையாளம் காணவில்லை. 2011இல் உலகெங்கும் சேர்த்துவைக்கப்பட்டிருந்த 154 கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, 1961இல் தொடங்கிய ஏழாம் உலகக் கொள்ளைநோய் வங்கக் கடற்பகுதியிலிருந்து குறைந்தது மூன்று அலைகளாக உலகுக்குப் பரவியது என்று காட்டியது. பழைய கிருமிகளைக் குப்பிகளில் காத்துவைத்த பெயர் தெரியாத ஆய்வகப் பணியாளர்களே இந்த வரலாற்றின் உண்மையான எழுத்தர்கள்.

ஒரு கரையின் கதை

இனி நம் கரைக்குத் திரும்புவோம். சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870களின் நடுவில் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே மெரினாவை அகலமாக்கியது. மணல் வராத வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. தென்பகுதி உலாவ இடம் பெற்றது. வடபகுதி வீடுகளை இழந்து, கருங்கல் கொட்டிய கரையைப் பெற்றது. ஒரே சுவரின் இருபுறமும் நேர்ந்த இந்த வேறுபாடு, பின்னர் வந்த பலவற்றுக்கும் முன்னுரையாயிற்று.

1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017 வரை நடந்தது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் சாம்பலையும் வெந்நீரையும் கழிவையும் ஏற்றது. கழிமுகம் என்பது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த தொட்டில். இறாலும் மடவையும் நண்டும் குஞ்சாக வளர்வது அங்கேதான். அத்தொட்டிலின் அடிச்சேற்றில் ஒவ்வொரு பத்தாண்டிலும் எந்தெந்த நுண்ணுயிர் வந்தது, எது போயிற்று என்பதை அப்போதே எழுதிவைக்கும் வழி அன்று இல்லை. மரபணு வாசிப்பு நம் கைக்கு வந்தபோது, தொட்டிலின் பெரும்பகுதி மாறிவிட்டிருந்தது.

கப்பலோடு வருவது சரக்கு மட்டுமன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சரக்கின்றிச் செல்லும் கப்பல், நிலை தடுமாறாதிருக்கத் தன் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, மற்றொரு துறைமுகத்தில் அதைக் கொட்டுகிறது. அந்நீரில் பல்லாயிரம் கோடி நுண்ணுயிர்கள் பயணச்சீட்டின்றி நாடு விட்டு நாடு செல்கின்றன. 1991, 1992ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மோபில் வளைகுடாவுக்கு வந்த சில கப்பல்களின் அடித்தொட்டி நீரில், அப்போது தென்னமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்த காலராக் கிருமியே காணப்பட்டது. இந்நீரைத் தூய்மைப்படுத்திய பின்னரே வெளியேற்ற வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. துறைமுகக் கரையில் வாழ்வோர் உலகின் எல்லாக் கடல்களுக்கும் அண்டை வீட்டாரே.

எண்ணெயை உண்ணும் உயிர்கள்

2017ஆம் ஆண்டு எண்ணெய்க் கசிவுக்குப் பின், சென்னையிலுள்ள தேசிய நிலைத்தகு கடலோர மேலாண்மை மையத்தின் ஆய்வாளர்கள் எண்ணூர்ப் பகுதியில் மாதிரிகள் எடுத்து, கூட்டு மரபணு வாசிப்பு முறையில் ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2019இல் 'சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற உலக இதழில் வெளியாயிற்று. எண்ணெய் கலந்த வெவ்வேறு சூழல்களில் அங்கேயே வாழ்ந்த நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பு மாறியதையும், எண்ணெயைச் சிதைக்கும் திறனுடைய பாக்டீரியாக்களும் அத்திறனுக்குரிய மரபணுக்களும் அங்கே இருந்ததையும் அவர்கள் காட்டினர். சர்காசோவிலும் பெர்முடாவிலும் வளர்ந்த ஒரு கலை, எர்ணாவூர்க் கரையின் கரிய நீரைப் படிக்க வந்தது. வடசென்னையின் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

எண்ணெயை உண்ணும் உயிர்கள் உண்டா என்று வியப்போர் இருக்கலாம். கடலடியின் வெடிப்புகளிலிருந்து இயற்கையாகவே எண்ணெய் கசிந்துவரும் இடங்கள் உலகில் உண்டு; ஆகவே அதை உணவாகக் கொள்ளும் உயிர்களும் தொன்றுதொட்டே உண்டு. 1998இல் பெயரிடப்பட்ட 'அல்கனிவோராக்ஸ்' என்ற பாக்டீரியம் தூய நீரில் தேடினாலும் கிடைக்காத அளவு அருகியிருக்கும். எண்ணெய் கலந்த சில நாள்களிலேயே பெருகிவிடும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தபோதும், ஆழ்கடலில் இத்தகைய பாக்டீரியாக்கள் பெருகியதை மரபணு ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி என்ற அறிஞர் எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியம் ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கலாமா என்ற வழக்கில், 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் கடலைத் துடைக்கும் பணிக்கு அந்த உயிர் அனுப்பப்படவில்லை. அப்பணியை இன்றும் கடலின் பழங்குடிகளே செய்கின்றன.

அப்படியானால் 'கடல் தானாக ஆறிவிடும்' என்ற ஆறுதல் சரிதானோ? அங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. பல்லாயிரம் சேர்மங்களின் கலவை. மெல்லியவற்றை நுண்ணுயிர்கள் விரைவில் உண்ணும். வளையங்கள் பல கோத்தவற்றை மெதுவாக உண்ணும். தாரைப் போன்ற கடினமான பகுதியைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை. எண்ணூரில் கசிந்தது கப்பல் எஞ்சினில் எரிக்கும் கனத்த எண்ணெய், தார்ப்பகுதி மிகுந்தது. மேலும், எண்ணெயை உண்ணும் உயிர்களுக்கு உயிர்வளி வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். அவற்றை அவை எடுத்துக்கொண்டால் பிற உயிர்களுக்குக் குறையும். பாறை இடுக்கிலும் சேற்றின் அடியிலும் உயிர்வளி எட்டாத இடத்தில் அவற்றின் வேலை மந்தமாகும். எண்ணெய் உண்ணும் கூட்டம் பெருகியது என்பது நலம் திரும்பியது என்பதற்குச் சான்றாகாது. காய்ச்சல் கண்ட உடலில் வெள்ளணுக்கள் பெருகுவதைப்போல, நோயோடு போராட்டம் நடக்கிறது என்பதற்கே அது சான்று.

எனவே ஆறிவிட்டதா என்று அறிய ஒரே வழி, நோய்க்கு முன்பு உடல் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுவதே. ஆனால் விபத்துக்கு முந்தைய நாளின் நீரை, விபத்துக்குப் பின் எவராலும் எடுக்க முடியாது. அறிஞர்கள் அருகிலுள்ள மாசடையாத இடத்து நீரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறு கடல்களின் பட்டியலோடு ஒப்பிடலாம். அடுத்த தெருவினரைக் கண்டு, எரிந்துபோன நம் வீட்டில் யார் இருந்தனர் என்று ஊகிப்பதற்கு அது ஒப்பாகும்.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் மழையின்போது இக்கேள்வி மீண்டும் எழுந்தது. மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கருத்தன; நாரைகளும் கூழைக்கடாக்களும் எண்ணெய் பூசிய சிறகோடு நின்றன. மீண்டும் மீனவர்களே கையால் எண்ணெய் அள்ளினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஏழாண்டுக்குள் இரண்டு முறை ஒரே மக்களின் கைகள் அதே அழுக்கில் தோய்ந்தன. இழப்பைக் கேட்டு நிற்கும்போது அவர்கள் படகைக் காட்டலாம், வலையைக் காட்டலாம், வேலையிழந்த நாள்களை எண்ணிக் காட்டலாம். கழிமுகச் சேற்றில் மாண்டுபோன உயிர்க்கூட்டத்தை எதைக்கொண்டு காட்டுவது? முன்பு இருந்தது என்று எழுதிவைத்த தாள் இருந்தால்தானே இன்று இல்லை என்று வழக்காட முடியும்?

எழுத வேண்டிய பதிவேடு

பெர்முடாவுக்கு அருகிலும் ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கிலும், 1988ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ மாதந்தோறும் ஒரே இடத்துக்குக் கப்பல் சென்று நீரெடுத்து வருகிறது. புதுமையேதும் நிகழாத மாதத்திலும் செல்கிறது. அதனாலேயே கடலின் வெப்பம், அமிலத்தன்மை, நுண்ணுயிர்க் கூட்டம் ஆகியவை ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறுகின்றன என்பதை உலகம் அறிகிறது. பெரும் பயணங்களின் புகழ் அந்தக் கப்பல்களுக்கு இல்லை. ஆனால் பங்குப் பதிவேட்டை எழுதிய குருவானவரைப் போல, அன்றன்றைக்கு உரியதை அன்றன்றே எழுதுவதில் உள்ள பயன் அவற்றுக்கு உண்டு.

நம் கரைக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று வேண்டும். அது எட்டாக் கனியன்று. முன்பு ஓர் அறையை நிறைத்த வாசிப்புக் கருவி, 2014 முதல் உள்ளங்கையில் அடங்கும் அளவிலும் கிடைக்கிறது. நகரில் ஆய்வு நிறுவனங்கள் உள்ளன. கல்லூரிகளில் நுண்ணுயிரியல் பயிலும் நம் பிள்ளைகள் பலர். எந்த இடத்தில் எந்த நீரோட்டம் வரும், வாடைக்காற்றில் நீர் எப்படி நிறம் மாறும், கழிமுகத்தில் எந்தச் சேற்றில் இறால் தங்கும் என்பதை மீனவர் அறிவர். எங்கே நீரெடுக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்ல, அந்நீரில் என்ன இருக்கிறது என்பதை மாணவர் வாசிக்க, இரண்டறிவும் ஒரே தாளில் எழுதப்பட்டால் அதுவே நாம் கூறும் பதிவேடு. மீனவரின் அறிவில்லாத மரபணுப் பட்டியல் முகவரி இல்லாத கடிதமே.

அப்பதிவேடு பொது உடைமையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஆலைக்கு உரியவரிடமும் துறைமுகத்துக்கு உரியவரிடமும் மட்டும் அது இருந்தால், விபத்து நாளில் மக்கள் மீண்டும் வெறுங்கையோடுதான் நிற்பர். திருமுழுக்குப் பதிவை எந்த ஏழையும் கேட்டுப் பெறலாம். அத்தகைய உரிமை எண்ணூரின் நீரைப்பற்றிக் கேட்கும் மீனவப் பெண்ணுக்கும் இருத்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றை நம்புவது நமக்குப் புதிதன்று. ஆனால் கண்ணுக்குத் தெரியாதவற்றை எண்ணி எழுதுவது ஒரு தனிக் கடமை. வரலாற்றில் பெயர் எழுதப்படாத மக்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். அவர்கள் இழந்ததும் எழுதப்படவில்லை. கடலின் சிறுகுடிகளுக்கும் அதுவே நேர்கிறது. அவற்றை அண்டி வாழும் மனிதக் குடிகளுக்கும் அதுவே நேர்கிறது.

பதிவேட்டின் முதல் வரியை எழுதுவதற்கு ஏற்ற நாள், எண்ணெய் மிதக்கும் நாளன்று. படகுகள் வழக்கம்போலத் திரும்பி, காசிமேட்டில் வழக்கம்போல ஏலம் நடந்து, எவரும் எதையும் குறித்துவைக்கத் தோன்றாத ஒரு சாதாரண நாளே அதற்கு உரிய நாள்.